ஆணியில் தொங்கிய சங்கிலி

அத்தியாயம் 14

கன்றுக்குட்டி உயரத்தில் இரண்டு நாய்களை வைத்துக்கொண்டு, மலாக்காவின் காஜா பேராங்கில் ஒரு வாடகை வீட்டில், அக்கம்பக்கத்தோடு சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சந்திரமதிக்கு வழி சொல்லலாம். அவர்கள் காலில் விழவும் அவள் தயாராக இருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு மரியம் தொழுகைக்கு உடுத்தும் வெள்ளைத் துணியை ஆண் நாய் மேஜர் கொடியிலிருந்து இழுத்துக்கொண்டு போய் லொங்கான் சாக்கடைச் சேற்றில் போட்டுப் புரட்டியது. பெட்டை நாய் லேடி அதன்மேல் சொகுசாகப் படுத்துத் தூங்கியது. அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் பொன்னுதுரைப் பிள்ளை வந்துவிட்டார். அவர் மலாக்காச் செட்டி. நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். சனிக்கிழமைக்குள் நாய்கள் போகவேண்டும், இல்லையென்றால் நீங்கள் போகவேண்டும் என்று சிரித்த முகத்தோடு மலாயில் சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால் சந்திரமதி திருப்பிக் கத்தியிருப்பாள். சிரித்துக்கொண்டே சொன்னவரை என்ன செய்வது?

இன்று புதன்கிழமை. தேவதாஸின் முதல் வருஷத் திதி.

தேவதாஸ் அவளுடைய ஒரே மகன். சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் புருஷன் நல்லையா கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்தபோது, மகன் அங்கேயே ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தான். கையில் துப்பாக்கி, தலையில் தொப்பி, தோட்டத்தைச் சுற்றிக் காவல். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் இரண்டு நாய்களையும் குட்டியிலிருந்து வளர்த்தவன் அவன்தான். ரோந்து போகும்போதெல்லாம் மேஜர் முன்னால் போகும். மேஜர் இருக்கும்வரை காட்டுக்குள் எவனும் தன் கண்ணுக்குத் தப்பி ஒளிய முடியாது என்று தேவதாஸ் பெருமையடித்துக்கொள்வான்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவனை, காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகள் சுட்டுப் போட்டுவிட்டார்கள். வயது இருபத்து மூன்று. கோலாலம்பூருக்குக் கூட்டத்துக்குப் போயிருந்த துரை ராத்திரி வந்திறங்கி, பயணத் தூசு படிந்த சப்பாத்தோடு அப்படியே வந்து பிள்ளையின் தலைமாட்டில் நின்றார். துரை அழுதார். நல்லையா அழவில்லை.

மேஜர் அன்றைக்கு எங்கே தொலைந்தது? இந்தக் கேள்வியைச் சந்திரமதி ஒரு வருஷமாக மென்றுகொண்டிருந்தாள். சோறு போட்டு வளர்த்தவன் சாகும்போது பக்கத்தில் இல்லாமல் எங்கோ எலி துரத்தப் போய்விட்ட நாய். அந்த நாயைத்தான் அவள் வீட்டில் வைத்து வளர்க்க வேண்டியிருந்தது.

சுதந்திரம் வருகிறது என்றதும் துரை மூட்டை கட்டினார். தோட்டம் கைமாறியது. மகள் பாக்கியலட்சுமிக்கு மலாக்காத் தமிழ்ப் பள்ளியில் வேலை கிடைக்க, குடும்பம் இங்கே வந்தது. நாய்களை யாரிடம் கொடுப்பது என்று துரை யோசித்தபோது நல்லையா முந்திக்கொண்டு கேட்டு வாங்கிவிட்டார். தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற ஆத்திரம் சந்திரமதிக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. மெத்தை இரண்டு பஞ்சாகப் பறந்தன. வாசல் படலை மேஜர் மூன்று முறை பெயர்த்தது. லேடி வாலை ஆட்டினால் மேஜையில் ஒரு கண்ணாடிக் குவளை மிஞ்சாது. எங்கு கை வைத்தாலும் எச்சில், எங்கு உட்கார்ந்தாலும் ரோமம். மழை பெய்தால் இரண்டும் நடுக்கூடத்தில் வந்து நின்று உடம்பை உதறும். சாமி படம்வரை சேறு தெறிக்கும். அவற்றுக்கு மாட்டிறைச்சி வேண்டும். அதை நல்லையாவே பாசார் சந்தையில் வாங்கி, கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு மூட்டி, தனிச் சட்டியில் வேகவைப்பார். வாழ்நாளில் தனக்கென்று ஒரு வெந்நீர் போட்டுக்கொள்ளாத மனிதர்.

ஒரு சங்கிலி போட்டுக் கட்டினால் தீர்ந்துபோகிற சமாசாரம். சங்கிலி இல்லாமலா? துரை கொடுத்த சங்கிலிகள் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. ஆனால் நல்லையா கட்டமாட்டார். ஏன் என்று கேட்டால் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். கெஞ்சிப் பார்த்தாள், ஏசிப் பார்த்தாள், இரண்டு நாள் பட்டினி கிடந்தும் பார்த்தாள். மனிதர் அசையவில்லை.

எப்படியோ, பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் ராஜரத்தினம் ஒரு வழி பண்ணினார். ஜாசின் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறாராம். இன்று நாலு மணிக்கு லோரி வரும். நாய்களைச் சங்கிலி போட்டு ஏற்றிவிட வேண்டியதுதான் பாக்கி. நல்லையா சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு நடப்பது நடக்கட்டும். அதற்கு முன்னால் சந்திரமதிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பசியோடு போன பிள்ளைக்கு இன்று ஒரு வேளைச் சோறு போய்ச் சேரவேண்டும். அது மட்டும் ஒழுங்காக நடந்துவிட்டால், அதன்பிறகு தான் செத்தாலும் சரி என்று அவள் நினைத்தாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

விடியற்காலையிலேயே தலை முழுகி, வீட்டை மூன்று முறை கழுவினாள். முதல் தடவை கழுவிய தரையில் லேடி நடந்தது. இரண்டாம் தடவை மேஜர். மூன்றாம் தடவை இரண்டும் சேர்ந்து வந்து நின்று, என்ன விசேஷம் என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தன. இன்று மாட்டிறைச்சி வாடையே வீட்டில் வரக்கூடாது என்று அவள் நேற்றே சொல்லியிருந்தாள். அதனால் நல்லையா ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் போட்டார். இரண்டும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் மரியம் வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த வெள்ளைத் துணியை மரியம், நாய் தொட்ட தீட்டுப் போக, ஏழு தண்ணீரில், அதில் ஒரு தண்ணீர் மண் கரைத்து, அலசியெடுத்ததை இந்தப் பக்கமிருந்து சந்திரமதி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். போய் ஒரு வாளி தண்ணீர் ஊற்றக்கூட அவளுக்கு முகம் இல்லாமல் போயிற்று.

மரியம் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வேலிக்கு மேலாக நீட்டினாள்.

"தம்பிக்கு வைங்க அக்கா. வீட்டுக்காரர்கிட்ட நான் போய்ச் சொல்லல. எம் புருஷன் போய்ச் சொன்னதுகூட போகச் சொல்றதுக்கு இல்ல. கட்டிப் போட்டா போதும், வேற ஒண்ணும் வேணாம்."

சந்திரமதி பழத்தை வாங்கிக்கொண்டாள். அதைத்தானே நானும் இத்தனை மாதமாகச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

உள்ளே வந்ததும் புருஷனிடம் கடைசியாக ஒரு தரம் கேட்டாள். படைக்கிற நேரம் மட்டும், அரை மணி நேரம், இரண்டையும் கட்டிவிடுங்கள். உங்கள் பிள்ளைக்காகக் கேட்கிறேன்.

நல்லையா அவளைப் பார்க்காமல், "பாத்துக்கறேன்" என்றார். முப்பது வருஷத்துப் புருஷனின் 'பாத்துக்கறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் இன்றைக்கு அவள் அதை நம்பினாள். நம்ப வேண்டியிருந்தது.

பதினோரு மணிக்குள் சமையல் முடிந்தது. கோழிக் குழம்பு, நெத்திலிச் சம்பல், இரண்டு அவித்த முட்டை, உளுந்து வடை, பாயசம். பிள்ளை தனக்குத் தெரியாமல் பிடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்த சிகரெட்டில் ஒரு பாக்கெட்டையும் பாக்கியலட்சுமியை விட்டு வாங்கிவரச் செய்திருந்தாள்.

உள் அறையில், தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தேவதாஸின் இரும்புக் கட்டில் கிடந்தது. கால் உயரமான ஆஸ்பத்திரிக் கட்டில். அதன்மேல் புது விரிப்பு தரைவரை தொங்கியது. கட்டிலுக்கு எதிரே சுவரோரம் அவன் போட்டோ. போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலை. சந்திரமதி ஒவ்வொன்றாகப் பரிமாறினாள். குழம்பில் கறித் துண்டுகளைத் தேடியெடுத்து இலையின் நடுவே வைத்தாள். அவனுக்குக் கால் துண்டு பிடிக்கும்.

அந்த நேரம் பார்த்து வானம் இடித்தது. மழை கொட்டியது.

விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, மூவரும் விழுந்து கும்பிட்டார்கள். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். படைத்ததும் கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிஷம் ஒதுங்கி நிற்பது வழக்கம். செத்தவர்கள் கூச்சமில்லாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டுமே.

மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தாழ்வாரத்தில் சுதந்திர நாளுக்குப் பாக்கியலட்சுமி கட்டிய காகிதக் கொடிகள் மழையில் நனைந்து சாயம் ஒழுகிக்கொண்டிருந்தன.

உள்ளே இலை சரசரத்தது.

சந்திரமதி நிமிர்ந்தாள். மகளைப் பார்த்தாள். பாக்கியலட்சுமியின் கண் விரிந்திருந்தது. அவளுக்கும் கேட்டிருக்கிறது.

மறுபடியும் கேட்டது. தண்ணீர்க் குவளை நகர்கிற சத்தம். அப்புறம் ஏதோ மெல்லுகிற சத்தம். பசித்தவன் அவசரமாக, வாய் நிறைய அள்ளிப் போட்டுச் சாப்பிடுகிற சத்தம். தேவதாஸ் அப்படித்தான் சாப்பிடுவான். மெள்ளத் தின்னுடா, யாரும் பிடுங்கமாட்டார்கள் என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்!

"வந்துட்டான்" என்றாள் சந்திரமதி. குரல் அவளுடையதாகவே இல்லை. "எம் புள்ள வந்துட்டான். சாப்பிடறான். கேக்குதா உங்களுக்கு?"

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஒரு வருஷமாக அவள் நெஞ்சில் கிடந்த பாறை நகர்ந்தது. சந்தோஷம் என்ற ஒன்று தனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதே அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

நல்லையா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தடுமாறிப் போய்க் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார். ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாத அந்த மனிதரின் தோள் குலுங்கியது.

"தாஸு" என்றார் கதவைப் பார்த்து. "அப்பாவ மன்னிச்சிடுப்பா. தாஸு, என்னை மன்னிச்சிடு."

உள்ளே சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு, கதவுக்கு மறுபக்கத்திலிருந்து ஒரு நீண்ட முனகலும், பலகையில் நகம் பிறாண்டுகிற ஓசையும் வந்தன.

பாக்கியலட்சுமிதான் கதவைத் திறந்தாள்.

மேஜர் நின்றது. இடிக்குப் பயந்து எந்நேரமோ கட்டிலுக்கு அடியில் புகுந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மூக்கிலும் மோவாயிலும் பாயசம். இலை நாலு துண்டாகக் கிழிந்து அறை முழுவதும் கிடந்தது. கோழி எலும்பு ஒன்று மிச்சமில்லை. குத்துவிளக்கு சாய்ந்து எண்ணெய் ஓடியது. போட்டோ குப்புற விழுந்திருந்தது. சிகரெட் பாக்கெட் எச்சிலில் ஊறிக் கிடந்தது. மேஜர் எல்லோரையும் பார்த்து வாலை ஆட்டியது. அந்த ஆட்டலில் மரியம் கொடுத்த வாழைப்பழமும் எகிறிப் போய்ச் சுவரில் அடித்துக்கொண்டது.

சந்திரமதி கத்தவில்லை. அடிக்கக் கையும் ஓங்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். காக்கைக்கு வைக்கக்கூட ஒரு பருக்கை இல்லை. பிள்ளை இந்த வருஷமும் பட்டினி. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று இருந்தது அவளுக்கு.

பாக்கியலட்சுமி அழுதுகொண்டே மேஜரைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். லேடி மட்டும் அங்கே சாய்ப்புக் கொட்டகைக்குள் சமர்த்தாகப் படுத்திருந்தது. நல்லையா இரண்டையும் சாய்ப்பில் விட்டுக் கயிற்றால் கதவைச் சும்மா சுற்றிவைத்திருந்தார். சங்கிலி ஆணியிலேயே தொங்கியது. தொடக்கூட இல்லை.

ஒரு மணி ஆயிற்று. இரண்டாயிற்று. மழை விட்டது. யாரும் சாப்பிடவில்லை. அறையைக் கழுவ வேண்டும் என்று சந்திரமதிக்குத் தெரிந்தது, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நல்லையா கதவோரமே சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றரை மணிக்கு அவள் எழுந்து போய் ஆணியிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்து வந்தாள். அதை அவர் முன்னால் போட்டாள்.

"லோரி வரப் போவுது. கட்டுங்க."

அவர் சங்கிலியைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"இதையாவது செய்யுங்க. இத்தனை மாசமா ஒரே ஒரு தடவ கட்டச் சொல்றேன்."

"ஒரு தடவ கட்டினேனே" என்றார் நல்லையா. "ஒரு தடவ கட்டினதுக்குத்தான் பாத்தோமே."

சந்திரமதிக்குப் புரியவில்லை. கதவைப் பார்த்து அவர் மன்னிப்புக் கேட்டது அப்போதுதான் அவள் மனசில் வந்து உறைத்தது. எதற்காக மன்னிப்பு?

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு மேஜர் எங்கும் ஓடிப்போகவில்லை. ரோந்துக்குக் கிளம்பித் தேவதாஸ் கூப்பிட்டபோது அது துரை பங்களாவின் பின்கட்டில் சங்கிலியில் கிடந்தது. அவிழ்த்துவிடுங்கள் அப்பா என்று கேட்டான். வேண்டாம், இன்றைக்கு விட்டுவிட்டுப் போ என்றார். அரை மணி நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மேஜர் கழுத்தில் ரத்தம் வரும்வரை சங்கிலியை இழுத்துக்கொண்டு ஊளையிட்டது.

"அது முன்னால போயிருந்தா மோப்பம் புடிச்சிருக்கும்" என்றார். "எம் புள்ளைய நாந்தான் தனியா அனுப்பினேன்."

கொல்லையில் மேஜர் குரைத்தது. ஒரு வருஷமாக அந்த நாயைச் சபித்த சாபமெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"எதுக்குக் கட்டினீங்க?" என்றாள் கடைசியில்.

அவர் வேட்டி நுனியை முறுக்கினார். பிறகு, "தொரை கட்டச் சொன்னாரு" என்றார்.

துரை.

துரை அன்றைக்குக் கோலாலம்பூரில் அல்லவா இருந்தார்? ராத்திரிதானே தூசு படிந்த சப்பாத்தோடு வந்து நின்றார்?

அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் புத்தகத்தில் நாற்பது வருஷம் ஒரு பொய் எழுதாத மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

அப்போது அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை. மழை விட்ட காலை. தோட்டத்து வீட்டில் அவள் குனிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேஜர் செம்மண் காலோடு சாமி அறைவரை ஓடியது. கையில் துணியோடு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அவள் சமையல்கட்டிலிருந்து கத்தினாள். அந்தச் சனியனைப் பிடித்துக் கட்டித் தொலையுங்கள், என் வீடு காய்கிறவரைக்கும்.

வாசலில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்ற தேவதாஸ் சிரித்தான். அந்தச் சிரிப்பும் ஞாபகம் வந்தது.

சந்திரமதி சுவரோடு சாய்ந்தாள்.

"இத மனசுல வெச்சிக்கிட்டா ஒரு வருஷமா நான் போட்ட சோத்தத் தின்னீங்க?" என்றாள். "நான் ஏசினதெல்லாம் கேட்டுக்கிட்டு?"

நல்லையா, துரைதான் சொன்னார் என்று இன்னொரு தரம் சொல்லப் பார்த்தார், முடியவில்லை.

வாசலில் லோரியின் ஹாரன் கேட்டது. பாக்கியலட்சுமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அம்மா, லோரி வந்திருச்சு. டிரஸர் மாமா அவசரப்படறாரு. யார் கட்டறது?"

சந்திரமதி குனிந்து தரையில் கிடந்த சங்கிலியைக் கையில் எடுத்தாள். அப்பாவும் பெண்ணும் அவளையே பார்த்தார்கள். ஹாரன் மறுபடி அலறியது. கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு மேஜர் வந்தது. கழுவாத தரையில் சேற்றுக் காலை வைத்து நடந்து, நேராக அவளிடம் வந்து, அவள் கையிலிருந்த சங்கிலியை முகர்ந்து பார்த்துவிட்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

அந்தக் கழுத்தில், ரோமம் முளைக்காத ஒரு வளையம் இருந்தது. இத்தனை மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் அவள் அதை இன்றைக்குத்தான் பார்த்தாள்.